தலை வெட்டிய எழுத்து

"இதுல இன்னா எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லணும் சார். வேற ஒண்ணும் வேணாம்."

மருந்துச் சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டு ஜெயம்மாள் நின்றுகொண்டே இருந்தாள். காஞ்சனா நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள் என்பது புடவைக் கரையில் ஏறியிருந்த செம்மண்ணிலேயே தெரிந்தது.

"வீட்டுக்காரரு பேரு வரதராஜன். தறி ஓட்டுறவரு. பிரஷருக்கு மாத்திரை சாப்பிட்டுக்கினு இருந்தாரு. பத்து நாளைக்கு முந்தி தறிக்குழியிலேயே சாஞ்சிட்டாருங்க. வலது கை, வலது காலு, பேச்சு, மூணும் போச்சு. இனிமே ஒரு வேளைகூட மாத்திரையை விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. டாக்டர் வீட்டுப் பக்கத்துக் கடையில ஒரு மாத்திரை அறுபது காசு. அரக்கோணத்துல கொறைவா கெடைக்கும்னு சொன்னாங்களேன்னு நேத்து போனேன். அஞ்சு கடை ஏறி எறங்கினேன். ஒருத்தருக்கும் படிக்க வரலை."

"எழுதின டாக்டரையே கேக்கறதுதானே?" என்றாள் காஞ்சனா.

"நாராயணசுவாமி டாக்டருங்க. இப்பல்லாம் அவருகிட்ட அதிகம் பேச முடியறதில்லை. சால்வையைப் போத்திக்கினு உக்காந்திருப்பாரு, நாடி பாப்பாரு, அனுப்பிடுவாரு. சீட்டு பக்கத்து ஜன்னல்லதான் வரும். ஜன்னல்ல அவரோட மருமகப்பிள்ளை சிங்காரம். மருந்துக்கடையும் அவரோடதுதான். 'எங்க கடையில குடுத்தா நாங்க படிச்சுக்கறோம், உனக்கெதுக்கு'ன்றாரு."

"மாத்திரை அட்டையில பேரு இருக்குமே?"

"அட்டை ஏதுங்க? சீசாவுலேருந்து எண்ணி, காகிதத்துல மடிச்சுக் குடுக்கறாரு. ஃபாரின் மாத்திரையாம்."

ஜம்புலிங்கம் மேஜை இழுப்பறையைத் திறந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். சென்னையில் டெட் லெட்டர் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர் அவர். ஊர் பெயர் பாதி, தெருப் பெயர் இல்லை, மழையில் மை கரைந்தது என்று எவராலும் படிக்க முடியாத தபால்களெல்லாம் கடைசியில் அவர் மேஜைக்கு வரும். படித்துவிடுவார். முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு மனைவி ஊரான திருத்தணிக்கு வந்து, ஸ்டேஷன் ரோட்டில் சைக்கிள் கடை மாடியில் 'ஜம்புலிங்கம் துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டி இரண்டு வருஷம் ஆகிறது. காஞ்சனா அங்கே டைப்பிஸ்ட், குமாஸ்தா, உளவாளி எல்லாம். நெசவுத் தெருப் பெண். வாய்க்குத் தனியாகச் சம்பளம் கேட்கலாம் என்று அவளுக்கே ஓர் எண்ணம் உண்டு.

ஜம்புலிங்கம் சீட்டைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"என்னால படிக்க முடியலைம்மா."

இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து காஞ்சனா அதுவரை கேட்டதே இல்லை.

"சார், கண்ணு டாக்டர்கிட்ட ஒரு சீட்டு எழுதி வாங்கிடலாமா?"

அவர் சிரிக்கவில்லை. "மோசமான கையெழுத்துன்னா அதுக்கும் ஒரு போக்கு இருக்கும் காஞ்சனா. இது எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியலை. உங்க தெருவுல இந்த டாக்டர்கிட்ட பிரஷருக்குப் போறவங்க எத்தினி பேரு?"

"போகாதவங்களை எண்ணினா சீக்கிரம் முடிஞ்சிடும். எங்க நைனா ஒருத்தருதான் போறதில்லை. அவருக்கு வர்ற பிரஷரையெல்லாம் அம்மாவுக்கு ஏத்திவிட்டுடுவாரு."

"எல்லாரோட சீட்டும் வேணும். பிரஷர் சீட்டு மட்டும் இல்லை, காய்ச்சல், இருமல் எதுவானாலும் சரி. பழைய சீட்டு கெடைச்சா இன்னும் நல்லது."

காஞ்சனா ஜெயம்மாளோடு கிளம்பினாள்.

*

வரதராஜன் பாயில் படுத்திருந்தார். நாலடி தள்ளித் தறி. அதில் பாதி நெய்த லுங்கி அப்படியே நின்றிருந்தது. உள்ளே வந்த காஞ்சனாவைப் பார்த்து அவர் ஏதோ சொல்ல முயன்றார். ஒரு சத்தம்தான் வந்தது. இடது கையால் தறியைக் காட்டினார்.

"நெய்யணுமாம். தினமும் இதேதான்" என்றாள் ஜெயம்மாள். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து பழைய சீட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்தி காய்ச்சலுக்கு எழுதியது. பிறகு வாசலுக்கு வந்து, கணவர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உன்கிட்ட சொல்றதுக்கு இன்னா பாப்பா. நான்தான் அவரை இப்படிப் படுக்க வெச்சது. போன ஆவணியிலேருந்து மாத்திரை விலை ஏறிப்போச்சு. தினமும் குடுக்க முடியலை. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குடுத்தேன். அவரு கேட்டா, காலையிலேயே சாப்பிட்டியேன்னு சொல்லி ஏமாத்தினேன்."

காஞ்சனா, "ஒரு மாத்திரை மட்டும் குடுங்க அக்கா, வெச்சிருக்கேன்" என்று வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லா வீட்டிலும் அதே கதைதான். ஒரு வீட்டில் மாத்திரையைப் பாதியாக உடைக்கிறார்கள். இன்னொரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கு ஒரு நாள். மூன்றாவது வீட்டில் சம்பளம் வருகிற வாரம் மட்டும். தெருக்கோடிக்கு வந்தபோது, அந்தப் பழையதைத் தவிர, அவள் கையில் பதினொரு சீட்டு இருந்தது. காது மடல் இரண்டும் கொதித்தன. அது வெயிலால் மட்டும் இல்லை.

*

ஜம்புலிங்கம் பதினொரு சீட்டையும் மேஜையில் பரப்பினார்.

"காய்ச்சல், இருமல், வயித்துவலி எல்லாம் சேர்ந்து நாலு சீட்டு. அச்சடிச்ச மாதிரி தெளிவா இருக்கு. பிரஷர் சீட்டு ஏழு. ஏழும் கிறுக்கல். ஏன்?"

"காய்ச்சல் நாலு நாள்ல போயிடும் சார். பிரஷர் ஆளோடதான் போகும். மாசாமாசம் தவறாம வர்ற கிராக்கி. அதை வேற கடைக்கு விட்டுடுவாங்களா?"

"அது சரி. இப்ப இதைப் பாரு."

இரண்டு பிரஷர் சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கீழே இருந்த கிறுக்கல்மேல் மேலே இருந்த கிறுக்கல் அப்படியே உட்கார்ந்தது. ஒரு வளைவு தவறவில்லை, ஒரு புள்ளி விலகவில்லை. மூன்றாவதை வைத்தார். அதுவும் உட்கார்ந்தது. ஏழும் உட்கார்ந்தன.

"ஒரு மனுஷன் தன் பேரையே ரெண்டு தடவை ஒரே மாதிரி எழுத முடியாது" என்றார். "கிறுக்கலை ஏழு தடவை ஒரே மாதிரி கிறுக்க முடியுமா?"

காஞ்சனாவுக்கு அரை நொடி பிடித்தது. "ரப்பர் ஸ்டாம்ப்!"

"ஆங். நீல மையில குத்தினா பேனா எழுத்து மாதிரியே தெரியும். படிக்கக் கூடாதுன்னே செஞ்ச ஸ்டாம்ப். எந்தக் கடைக்காரனாலயும் படிக்க முடியாது. ஏன்னா அதுல எழுத்தே இல்லை. சிங்காரம் மட்டும், இது வந்தா இந்த மாத்திரைன்னு எடுத்துக் குடுப்பான்."

"அந்த டாக்டர்கிட்ட எங்க தெருவே பன்னெண்டு வருஷமா போவுது சார்." காஞ்சனா சீட்டுகளை அள்ளிய வேகத்தில் மேஜை ஆடியது. "சாமிக்கு அடுத்தபடியா கும்புடறாங்க. மாமனாரும் மருமகனும் கூடிக்கினு ஸ்டாம்ப் குத்தறாங்களா? போலாம் சார். இப்பவே போலாம்."

"போயி இன்னா சொல்வே? ஒரே மாதிரி இருக்குன்னா, என் கையெழுத்து அவ்ளோ சுத்தம்னு சொல்லிட்டுப் போயிடுவாரு. ஸ்டாம்ப்பைச் செஞ்ச ஆளு வேணும். இது அச்சு எழுத்தைக் கோத்துச் செய்யற வேலை இல்லை. ரப்பரைக் கையால வெட்டியிருக்காங்க. அப்படி வெட்டறவன் இந்தச் சுத்துவட்டாரத்துல ஒருத்தன்தான். அரக்கோணம் பார்சல் ஆபீஸ் ஸ்டாம்ப்பெல்லாம் அவன் வெட்டினதுதான், அங்க கேட்டா ஆளைக் காட்டிடுவாங்க."

*

ஆளைக் காட்டினார்கள். ஸ்டேஷன் எதிரே ஒரு லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில் பெருமாள் உட்கார்ந்திருந்தான். மூக்குக் கண்ணாடி நூலால் காதில் கட்டியிருந்தது. கையில் அரை பிளேடு.

சீட்டைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது.

"இது என் கை வேலைதாங்க. ஆனா இதை என் வேலைன்னு சொல்லிக்க வெக்கமா இருக்கு."

"ஏன்?"

"ஸ்டாம்ப் தெளிவா விழலைன்னு சண்டைக்கு வந்தவங்க நெறைய பேரு. தெளிவா விழுதுன்னு சண்டைக்கு வந்தவரு அவரு ஒருத்தருதான். திருத்தணியிலேருந்து டாக்டர் அனுப்பினாருன்னு வந்தாரு. கையில டாக்டரோட சீட்டு. டாக்டருக்கு எழுதி எழுதி கை ஓயுது, இந்த மருந்துப் பேரை மட்டும் அப்படியே ஸ்டாம்ப்பா வெட்டிக் குடுன்னாரு. வெட்டினேன். எடுத்துக்கினு போனவரு நாலாம் நாளு திரும்பி வர்றாரு. எழுத்தோட தலையெல்லாம் சீவிடுன்றாரு. நடுவுல ரெண்டு எடத்துல அறுத்துவிடுன்றாரு. காசு குடுத்துக் கெடுக்கச் சொல்றாரே, பெரிய எடத்து விவகாரம் நமக்கெதுக்குன்னு வெட்டிக் குடுத்துட்டேன்."

"முதல்ல செஞ்சது எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் எதுக்குங்க? நோட்டே இருக்கு." பெருமாள் பலகைக்கு அடியிலிருந்து ஒரு கனத்த நோட்டை உருவினான். "செய்யற ஒவ்வொரு ஸ்டாம்ப்பையும் ஒரு தடவை இதுல குத்தி வெச்சுக்குவேன். நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டா காட்டணுமே."

ஆவணி மாதத்துப் பக்கத்தில் இரண்டு முத்திரைகள் அடுத்தடுத்து இருந்தன. இரண்டாவது, காஞ்சனா காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அதே கிறுக்கல். முதலாவது ஒரு டாக்டரின் அவசரமான இங்கிலீஷ் கையெழுத்து. ஜம்புலிங்கம் கண்ணாடியை வைத்தார். இந்தத் தடவை மூன்று நொடிக்குமேல் ஆகவில்லை.

"ரிசர்பின். கால் மில்லிகிராம். தினம் ஒண்ணு."

காஞ்சனா அதைக் கையில் எழுதிக்கொண்டு எதிர்ச் சாரியில் இருந்த மருந்துக்கடைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் நடக்கத்தான் செய்தாள். நிதானமாக நடந்து வருகிற காஞ்சனாவைப் பார்த்ததும் ஜம்புலிங்கத்துக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

"ஒரு மாத்திரை அஞ்சு காசு சார்."

பெருமாள் பிளேடைக் கீழே வைத்தான்.

"அஞ்சு காசு. சர்ப்பகந்தி வேருலேருந்து எடுக்கற மருந்தாம், நம்ம ஊரு கம்பெனி மாத்திரைதானாம், எந்த ஃபாரின்லேருந்தும் வரலையாம். ஜெயம்மாக்கா மாத்திரையையும் கடைக்காரரு சீசாவுலேருந்து எடுத்த மாத்திரையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சோம். ஒரே அளவு, ஒரே கோடு. எது யாரோடதுன்னு அவருக்கே கொழம்பிப்போச்சு. முப்பது குடுங்கன்னேன். படிக்கற மாதிரி ஒரு சீட்டு இல்லாம தர மாட்டாராம்." அவள் மூச்சு வாங்கினாள். "ஒரு நாளு மாத்திரைக்குக் குடுக்கற காசுல பன்னெண்டு நாளு சாப்பிடலாம் சார். அந்த மனுஷன் தறியிலேருந்து எழுந்து நடந்துக்கினு இருப்பாரு."

பெருமாள் நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டான். "நானும் வர்றேங்க" என்றான். "என் பிளேடாலதானே வெட்டினது."

*

திரும்பும் ரயிலில் காஞ்சனா டாக்டரிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்று வரிசையாக உருப்போட்டுக்கொண்டிருந்தாள். பாதி வார்த்தைகள் வெளியே சொல்லக்கூடியவை இல்லை. ஜம்புலிங்கம் ஜெயம்மாள் கொடுத்த பழைய சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"டாக்டர் எந்தக் கையால எழுதுவாரு காஞ்சனா?"

"நொட்டாங்கையால. ஊரே அவரை நொட்டாங்கை டாக்டர்னுதான் சொல்லும். ஊசிகூட அந்தக் கையாலதான் போடுவாரு, வலிக்காது. ஏன் சார்?"

"இடது கையால எழுதினா, எழுதின எழுத்துமேலயே கை தேய்ச்சுக்கினு போவும். இந்தப் பழைய சீட்டைப் பாரு, வரிக்கு வரி மை இழுபட்டிருக்கு. புதுச் சீட்டு பதினொண்ணுலயும் ஒரு இழுப்புகூட இல்லை. ஸ்டாம்ப்பை விடு. தேதியில இல்லை, நோயாளி பேருல இல்லை, காய்ச்சல் சீட்டுல இல்லை."

"கை சுத்தமாயிடுச்சு, மனசுதான் அழுக்கு."

"அந்தம்மா சால்வைன்னாங்களே. கத்திரி வெயில்ல எவன் சால்வை போத்திக்குவான்?"

"பொன்னாடை கெடைச்சவன்" என்றாள் காஞ்சனா. அவளுக்கு இப்போது புதிரில் அக்கறை இல்லை.

*

டாக்டர் நாராயணசுவாமியின் வீடும் வைத்தியசாலையும் மலைப்படிக்குப் போகிற தெருவில் ஒரே கட்டடத்தில் இருந்தன. ஒட்டினாற்போல் சிங்காரத்தின் மருந்துக்கடை. சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்கூடத்தில் முப்பது பேருக்குமேல் காத்திருந்தார்கள். அன்று கிருத்திகைக்காக மலைப்படியேறி மூச்சு முட்டிய ஆந்திராக்காரர் ஒருவர் சுவரில் சாய்ந்திருந்தார். சேதி சொல்லி வரவழைத்த ஜெயம்மாளும் இருந்தாள்.

காஞ்சனா நேராக ஜன்னலுக்குப் போனாள். உள்ளே சிங்காரம். மடிப்புக் கலையாத சட்டை, பக்கத்தில் மைப்பெட்டி.

"எனக்கு பிரஷருங்க."

"இந்த வயசுலயா? எப்பலேருந்து?"

"உங்களைப் பார்த்த நிமிஷத்துலேருந்து."

அவன் முறைத்துக்கொண்டு எழுந்த நேரத்தில் ஜம்புலிங்கம் அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் அறைக்குள் போய்விட்டார். காஞ்சனா பின்னாலேயே நுழைந்தாள்.

டாக்டர் மேஜைக்குப் பின்னால் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். விசிறி ஓடவில்லை. நெற்றியில் வேர்வை. ஜம்புலிங்கம் வணக்கம் சொல்லி, சீட்டை அவர் முன்னால் வைத்தார்.

"இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லணும் டாக்டர்."

டாக்டர் வலது கையால் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். குனிந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது இன்னா கிறுக்கல்? எவன் எழுதினது?"

காஞ்சனா வெடித்தாள். "உங்க பேரு மேல அச்சடிச்சிருக்கே, தெரியலையா? எங்க தெருவுல ஏழு வீட்டுல இருக்கு. பத்து மாசமா இதை வெச்சு அஞ்சு காசு மாத்திரையை அறுபது காசுக்கு வித்துக்கினு இருக்கீங்க. வாங்க முடியாம வரதராஜன் கை காலு விழுந்து கெடக்கறாரு. எவன் எழுதினதுன்னு எங்களையே கேக்கறீங்களா?"

"இது என் கையெழுத்து இல்லைம்மா."

"அப்ப உங்க கையெழுத்தைக் காட்டுங்க." மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவருடைய இடது பக்கம் நீட்டினாள். "எழுதுங்க. ஊரே பார்த்த கைதானே. ரிசர்பின்னு எழுதுங்க."

டாக்டர் பேனாவைப் பார்த்தார். வாங்கவில்லை. அவள் நீட்டிய கையை இறக்கவில்லை. கடைசியில் அவர் வலது கையால் சால்வையின் ஓரத்தைப் பிடித்து இழுத்து மடியில் போட்டார்.

இடது கை மடியில் கிடந்தது. விரல்கள் உள்ளே மடங்கி, இரண்டு சுற்று மெலிந்து போயிருந்தது.

"ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலையில எழுந்தேன். கை வரலை" என்றார். "எனக்கும் பிரஷருதான். காலு தப்பிச்சுது, பேச்சு தப்பிச்சுது. இந்தக் கை போச்சு. வெளியில தெரிஞ்சா யாரு வருவாங்கன்னு மருமகன் சொன்னான். எனக்கும் அதுதான் பயம். நான் மருந்துப் பேரை வாயால சொல்லுவேன். அவன் எழுதிக் குடுப்பான்."

பேனா காஞ்சனாவின் கையிலேயே இருந்தது. ரயிலில் உருப்போட்ட அத்தனையும் வேறு ஒருவனுக்கு என்று இப்போது தெரிந்தது. ஆனாலும் கோபம் இறங்க மறுத்தது.

"அவரு எழுதின சீட்டை ஒரு தடவையாவது வாங்கிப் பாத்தீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"பாத்தா, நான் எழுதலைன்னு ஞாபகம் வரும்."

"உங்களுக்கு ஞாபகம் வரக்கூடாதுன்னு எங்க தெருவுல மாத்திரையைப் பாதியா உடைச்சுத் தின்னுக்கினு இருக்காங்க" என்றாள். "நீங்களும் இதே மாத்திரைதானே சாப்பிடறீங்க? இன்னா விலைன்னு தெரியுமா?"

டாக்டர் தலை குனிந்தார். "வீட்டுக்கு வந்துடும்மா. கேட்டதில்லை."

அரைக்கதவு படார் என்று திறந்தது. சிங்காரம். அவனுக்குப் பின்னால் நோட்டும் கையுமாகப் பெருமாள்.

"இவருதாங்க" என்றான் பெருமாள். "தலையைச் சீவச் சொன்னவரு."

சிங்காரம் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். மாமனாரின் மடியில் கிடந்த கையைப் பார்த்ததும், இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்திருக்கவேண்டும். குரல் உயர்ந்தது.

"ஆமா, இப்ப இன்னா? கை விழுந்த டாக்டரை வெச்சுக்கினு இந்தக் குடும்பம் எப்படி ஓடும்? நாளைக்கு இவரு இந்த நாற்காலியில உக்கார முடியலைன்னா யாரு சோறு போடுவான்? பத்து மாசமா இந்த வீட்டை நான்தான் தாங்கிக்கினு இருக்கேன்."

"நீ தாங்கலை" என்றாள் காஞ்சனா. இதுவரை இருந்த மரியாதை அவளிடமிருந்து போய்விட்டிருந்தது. "தாங்கினது வரதராஜன். தாங்கித் தாங்கித்தான் விழுந்தாரு."

பெருமாள் யாரையும் கேட்காமல் ஜன்னல் மேஜைக்குப் போய், மைப்பெட்டிக்குப் பின்னாலிருந்த ஸ்டாம்ப்பை எடுத்துவந்து ஜம்புலிங்கத்திடம் கொடுத்தான். சிங்காரம் பாய்ந்தான். "சிங்காரம், நில்லு" என்றார் டாக்டர். பன்னிரண்டு வருஷமாக ஊர் கேட்டுப் பழகிய அந்தப் பழைய குரல். அவன் நின்றான்.

"ஸ்டாம்ப்பும் நோட்டுப் பக்கமும் நாளைக்கு, மருந்துக்கடைகளைச் சோதிக்கற டிரக் இன்ஸ்பெக்டருக்குப் போயிடும்" என்றார் ஜம்புலிங்கம். "மிச்சத்தை அவருகிட்ட பேசிக்கலாம். டாக்டர், உங்க நோயாளிங்க வெளியில இருக்காங்க."

*

டாக்டர் சால்வையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். அவர் சுற்றி வளைக்கவில்லை. கை விழுந்ததைச் சொன்னார். மறைத்ததைச் சொன்னார். பிறகு ஸ்டாம்ப்பைப் பற்றிச் சொன்னார். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். டாக்டர் நின்று கேட்டுக்கொண்டார்.

"பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க எல்லாரும் முன்னால வாங்க. மருந்துப் பேரு ரிசர்பின். எல்லாரும் ஒரு தடவை சொல்லுங்க."

ஜெயம்மாள்தான் முதலில் சொன்னாள். பிறகு ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார்கள். ஆந்திராக்காரரும் சொன்னார்.

பெஞ்சை மேஜையாக்கிக்கொண்டு காஞ்சனா எழுத உட்கார்ந்தாள். மருந்தின் பெயரை இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி, எட்ட நின்று படிக்கிற அளவுக்குப் பெரிசாக எழுதினாள். கையெழுத்து போடவேண்டிய இடத்துக்கு டாக்டர் வலது கையில் பேனா பிடித்துப் பார்த்தார். கோடு கோணல் மாணலாக ஓடியது. பேனாவை வைத்துவிட்டு, சிங்காரத்தின் மைப்பெட்டியை எடுத்துவரச் சொல்லி, கட்டைவிரலை அதில் அழுத்தினார். எம்.பி.பி.எஸ். படித்த மனுஷன் ஒவ்வொரு சீட்டிலும் கைநாட்டு வைத்தார். இன்ஸ்பெக்டர் வந்து வேறு வழி சொல்கிறவரைக்கும் அரக்கோணம் கடைகளில் தானே பேசி வைப்பதாக ஜம்புலிங்கம் சொன்னார்.

ஜெயம்மாள் முறை வந்தது. சீட்டை வாங்கினாள். நகரவில்லை.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குடுத்தேன் டாக்டர். வாங்க முடியலை. தினமும் குடுத்திருந்தா அவருக்குக் கை காலு விழுந்திருக்குமா?"

டாக்டரின் கட்டைவிரலில் மை காய்ந்துகொண்டிருந்தது. ஏதாவது ஆறுதலாகச் சொல்லிவிடுவாரோ என்று காஞ்சனாவுக்குத் தோன்றியது.

"பெரும்பாலும் விழுந்திருக்காதும்மா" என்றார்.

ஜெயம்மாள் அழவில்லை. "பத்து நாளா நான்தான் செஞ்சேன்னு நெனைச்சுக்கினு இருந்தேன்" என்றாள். சீட்டை மடித்து இடுப்பில் செருகினாள். விறுவிறுவென்று படியிறங்கிப் பக்கத்து மருந்துக்கடைக்குப் போனாள். கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்த சிங்காரத்தை ஒரு பார்வை பார்த்தாள். கடை வாசற்படியில், நட்ட நடுவில், உள்ளே யாரும் நுழைய வழியில்லாமல் உட்கார்ந்தாள்.

"எழுந்திரும்மா. யாவாரம் நடக்கற எடம்."

"நடக்காது" என்றாள் ஜெயம்மாள். "நாளைக்கும் வருவேன். நாளாநிக்கும் வருவேன். எங்க வீட்டுக்காரரு எழுந்து வந்து கூப்பிடற வரைக்கும் வருவேன்."

சீட்டு வாங்கிய இன்னொருத்தி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மாத்திரையைப் பாதியாக உடைக்கிற வீட்டுக்காரர் துண்டை விரித்து அடுத்த படியில் உட்கார்ந்தார். பெருமாள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் வாசல் நிறைந்து, தெருவுக்கும் வந்துவிட்டது.

காஞ்சனா கடைசிச் சீட்டை எழுதி முடித்தாள். விரலெல்லாம் மை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள்.

"காஞ்சனா, எங்க போறே? நாளைக்குக் காலையில ஆபீஸை யாரு திறக்கறது?"

"நீங்கதான் திறக்கணும் சார். சாவி ஆணியில மாட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு, ஜெயம்மாளைக் கொஞ்சம் நகரச் சொல்லி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.